மெதுவாக ஓடு, வேகம் வரும்

மெரினாவில் விடியற்காலையில் புதிதாக ஓட வந்தவரைக் கண்டுபிடிப்பது சுலபம். காலணி பளபளக்கும், கைக்கடிகாரம் நாடித்துடிப்பைக் கண்டு பதறிக் கூவும், ஆள் உழைப்பாளர் சிலையருகே இடுப்பில் கைவைத்துக் குனிந்து நிற்பார். முதல் இருநூறு மீட்டரிலேயே மொத்த ஓட்டத்தையும் தீர்த்துவிட்ட களைப்பு.

2019-ல் கென்யாவின் எலியுட் கிப்சோகே, வியன்னாவில் மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடி முடித்தார். நம்மவர் அதில் கற்ற பாடம், கிப்சோகே அணிந்த காலணி என்ன விலை என்பதுதான். அவருடைய பல்லாண்டுப் பயிற்சி எந்தக் கடையிலும் தள்ளுபடியில் கிடைப்பதில்லை.

பயிற்சியாளர்களைக் கேட்டால், வேகம் வேண்டுமானால் பெரும்பாலான நாள் மெதுவாக ஓடு என்கிறார்கள். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டுமாம். கேட்டதும் முகம் சுண்டிவிடும். காசு செலவில்லாத யோசனையை யார் மதிப்பார்கள்? சிலர் ‘பேசிக்கொண்டே’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு அருகம்புல் சாற்றுக் கடையில் நின்றுவிடுகிறார்கள்.

வாரம் ஒருநாள் அரை நிமிடம் விரைவு, பிறகு மூச்சு தணியும்வரை மெதுவோட்டம், மீண்டும் விரைவு. இப்படிக் கலந்து ஓடும் ‘ஃபார்ட்லெக்’ முறையை 1930-களில் சுவீடனின் கோஸ்டா ஹோல்மர் வகுத்தார். நம் தெருக்களில் நாய்கள் இதைக் கட்டணமின்றி நடத்துகின்றன. முட்டி வலி, நாளைக்குப் பார்க்கலாம் என்று அவற்றிடம் சொல்லிப் பாருங்கள்.