குலுங்கும் ஹெரால்டு

கேள்வி: எங்கள் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒரு வேகத்தடை ஏறினால் வில்லியனூர் வரை ஆடிக்கொண்டே வருகிறது. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் ஊற்றலாமா?
- வாசகர், பாகூர்

பதில்: ஊற்ற வழி இல்லை, அது மூடி அடைத்த குழாய். அந்தக் கால எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார்கள் போன்றவற்றில்தான் எண்ணெய் ஊற்றும் வகை உண்டு. முன் மட்கார்டை அழுத்திக் கையை எடுங்கள். ஒரு தரம் எழும்பி அடங்கினால் நல்லது. பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினால் ஆயுசு முடிந்தது. தண்டின் கழுத்தில் எண்ணெயும் புழுதியும் அப்பியிருந்தால் சோதனையே வேண்டாம். இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ரப்பர் புஷ் உட்பட. முன்பக்கம் ஷாக் அப்சார்பர் சுருள்வில்லுக்குள் இருக்கிறது. ஸ்பிரிங் கம்ப்ரஸர் மாட்டாமல் மேல் நட்டைக் கழற்றினால் வில் சீறிப் பாயும், உயிருக்கே ஆபத்து.

1961 முதல் சென்னையில் தயாரான இந்தக் கார், ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரின் உடன்பிறப்பு. ஸ்பிட்ஃபயரின் உதிரிபாகங்களையும் தேடுங்கள். அளவு ஒப்பிட்டு வாங்குங்கள். வில்லியனூர்த் தேருக்கு ஷாக் அப்சார்பர் கிடையாதுதான், ஆனால் அதை இழுக்க ஊரே வருகிறது! கடைசியாக, ஜாக்கியை இறக்கி, வண்டி தன் பாரத்தில் நின்ற பிறகே புஷ் போல்ட்டை முழுசாக முறுக்குங்கள். இல்லையென்றால் புது ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும்.