கப்பலேறிய பெயர்

கேள்வி: மக்னோலியாவைச் சீனர், ஜப்பானியர் எப்படி அழைக்கிறார்கள்? எங்கள் ஊர்ப் பெயரிலும் மரம் உண்டா? (வாசகர், திருகோணமலை)

பதில்: சீனருக்கு அது ‘மூலான்’. அதாவது மரத்தில் பூக்கும் ஆர்க்கிட். ஜப்பானியர் அவ்வளவு மென்மையில்லை. ஓர் இனத்துக்கு ‘கொபுஷி’ என்றே பெயர் வைத்தார்கள், அதாவது கைமுட்டி! ஐரோப்பியர் பூவையே பார்க்கவில்லை. பியர் மக்னோல் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளரின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். நம் செண்பகமும் இப்போது அதே மக்னோலியாதான். கூந்தலில் சூடுபவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

உங்கள் ஊருக்கும் மரம் உண்டு. சிங்களத்தில் ஹல்மில்ல, ஆங்கிலேயருக்கு ‘டிரிங்கோமலி வுட்’. வளர்ந்தது உலர்வலயக் காட்டில், பெயரைத் தட்டிச் சென்றது கப்பலேற்றிய துறைமுகம். சென்னைக் கடலலையில் ஆடிய மசூலாப் படகுகளுக்கும் அந்த மரம்தான் பலகை.