மேலே நிஜாம், கீழே சுல்தான்

கிருஷ்ணா நதியின் தென்கரையில் கொல்லூர். கோல்கொண்டாவிலிருந்து ஏழு நாள் பயணம். அங்கே ஓர் ஏழை விவசாயி தானியம் விதைக்க மண்ணைக் கொத்தினான். 25 காரட் கல் ஒன்று கிடைத்தது. 1640-களில் சுரங்கத்தைப் பார்க்கப் போன பிரெஞ்சு நகை வியாபாரி தவெர்னியே சொல்லும் கதை இது. விவசாயி கல்லைக் கோல்கொண்டாவுக்குத் தூக்கிப்போய் ஒரு வைர வியாபாரியிடம் காட்டுகிறான். வியாபாரி வாயைப் பிளக்கிறார். அத்தோடு கதையிலிருந்து விவசாயி காணாமல் போகிறான். விதைத்தானா என்றுகூடத் தெரியாது.

அடுத்த காட்சியில் அந்த வட்டாரத்தில் 60,000 பேர் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆண்கள் வெட்ட, பெண்களும் பிள்ளைகளும் மண் சுமக்கிறார்கள். ஒரு பொற்கொல்லர் ஆண்டுக்கு 3 லட்சம் வராகன் கட்டி எடுத்த குத்தகையில் ஒரேயொரு நிபந்தனை: 10 காரட்டுக்கு மேற்பட்ட கல்லெல்லாம் கோல்கொண்டாவை ஆண்ட குதுப்ஷாஹி சுல்தானுக்கு. சில்லறை குத்தகைதாரருக்கு, நோட்டுக்கட்டு அரண்மனைக்கு.

நம் ஊர்ப் பழைய கிரயப் பத்திரத்தில் ‘நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம்’ என்று மூச்சுவிடாமல் எழுதி, புதையல் முதல் கல் வரை சகலத்தையும் வாங்கியவர் தலையில் கட்டுவார்கள். வைரமும் பாஷாணம்தானே? அதைச் சுல்தானிடம் கேட்கத்தான் ஆளில்லை. வாய்க்குப் பதில் கண்ணைப் பயன்படுத்தினார்கள். பக்கத்து ராஜ்ஜியச் சுரங்கத்தில் ஒருவன் இரண்டு மஞ்சாடி எடைக் கல்லைக் கடைக்கண்ணில் செருகிக்கொண்டு பிடிபட்டானாம். எத்தனை நேரம் சிமிட்டாமல் இருந்தானோ!

பிறகு வெள்ளைக்காரன் வந்தான். 1878 புதையல் சட்டத்தில், 10 ரூபாய்க்கு மேல் மண்ணுக்குள் எது கிடைத்தாலும் கலெக்டரிடம் சொல்ல வேண்டும் என்றான். காரட் ரூபாயானது; பத்து மட்டும் அப்படியே இருந்தது. கொல்லூரோ இன்று புலிச்சிந்தலா அணையின் நீருக்கடியில் கிடக்கிறது. தோண்ட நினைப்பவர் முதலில் நீச்சல் பழக வேண்டும்.

சரி, மேலே பார்ப்போம். 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பொலோனாவில் அக்குர்சியஸ் என்ற சட்டப் பண்டிதர், நிலம் யாருடையதோ வானம்வரை அவருடையதே என்று குறித்து வைத்தார். தலைக்கு மேல் காக்கை மட்டுமே பறந்த காலம், தாராளமாகக் கொடுக்கலாம். விமானம் வந்ததும் கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டார்கள். நியாயமான உயரத்தில் பறக்கும் விமானத்தின் மேல் அத்துமீறல் வழக்குப் போட முடியாது என்றது இந்தியாவின் 1934 விமானச் சட்டம்.

1948-இல், இந்தியாவோடு சேர மறுத்த ஹைதராபாத்தின் ஏழாம் நிஜாம் உஸ்மான் அலி கானுக்கு நிலம் ஏராளம். ஆனால் நாலு எல்லையிலும் இந்தியா. கடல் கிடையாது. மிச்சம் வானம். சிட்னி காட்டன் என்ற ஆஸ்திரேலியர் கராச்சியிலிருந்து லங்காஸ்ட்ரியன் விமானங்களில் ஆயுதங்களை ஏற்றி, இரவோடிரவாக இந்திய மண்ணுக்கு மேலே பறந்து பீதரிலும் வாரங்கலிலும் இறக்கினார். கீழே போர்த்திக்கொண்டு படுத்திருந்த பட்டாதாரர் விழித்திருந்தாலும் என்ன செய்திருப்பார்? அக்குர்சியஸின் வானம் 1934-லேயே போய்விட்டது.

செப்டம்பர் 13-இல் இந்திய ராணுவம் தரைவழியாகவே உள்ளே வந்தது; ஐந்தாம் நாள் எல்லாம் முடிந்தது. காட்டனுக்கு இங்கிலாந்தில் 200 பவுண்டு அபராதம். கராச்சியிலிருந்து ஹைதராபாத் வரை அடுத்தவர் வானத்தை உழுததற்கு அது ரொம்ப மலிவான வாடகை. அதுவும் பில் நிஜாம் பெயரில் வரவில்லை.