நாயும் மென்சீஸும்: ஒரு தடை விடை ஆராய்ச்சி

மென்சீஸ் நாய்க்கு ஆகுமா என்பது இவ்வாய்வின் வினா. ‘ஆகும்’ என்பது நாயின் கட்சி. தட்டை விட்டு அகலாத பார்வை, தரையில் சொட்டும் எச்சில், ஓயாது ஆடும் வால் என்று மூன்று சான்றுகளை அது முன்வைக்கிறது. இதே மூன்றையும் பழைய காலுறைக்காகவும் அது முன்வைப்பதால் வாதியின் சாட்சியம் தள்ளுபடி.

மெத்தென்று இருப்பவை ஆகா, கெட்டியானவை ஆகும் என்று ஒரு சாரார் கொள்வர். அது பொருந்தாது. என்னை? தீங்கு மென்மையில் இல்லை; கொழுப்பு, உப்பு, பால் சர்க்கரை, பூசணம் ஆகியவற்றில் இருக்கிறது. குட்டிப் பருவம் கழிந்தபின் பல நாய்களுக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குறைந்துவிடும். ரிக்கோட்டா, காட்டேஜ் சீஸ் போன்ற பழுக்காத வகைகளில் அந்தச் சர்க்கரை மிஞ்சியிருக்கும். தின்றால் சில நாய்களுக்கு வயிறு பொருமும், கழியும். அஃதேல் பழுத்த பிரீயும் கமம்பேரும் ஆகுமே எனின், அவற்றில் சர்க்கரை ஏறக்குறைய இல்லை. எடையில் கால் பங்கு கொழுப்பு. கொழுப்பு மிஞ்சினால் கணையம் அழற்சி காணலாம். மினியேச்சர் ஷ்னாவ்சர் இனத்துக்கு இந்த ஆபத்து கூடுதல். ஃபெட்டாவோ உப்புநீரில் ஊறி வருவது.

நீலப் பூசணச் சீஸ் தனி அதிகாரத்துக்கு உரியது. தென் பிரான்சில் ரோக்ஃபோர் என்னும் ஊரின் குகைகளில் செம்மறிப் பாலில் செய்த சீஸ் பழுக்கிறது. அதன் தோற்றத்துக்கு ஒரு கர்ண பரம்பரைக் கதை உண்டு. ஓர் இடையன் ஒரு பெண்ணைக் கண்டு, ரொட்டியையும் சீஸையும் குகையிலேயே போட்டுவிட்டு அவள் பின்னே போனான்; பல நாள் கழித்துத் திரும்பினால் சீஸில் நீலம் பூத்திருந்தது; தின்று பார்த்தான், பிடித்துப்போயிற்று. கதை சொன்னவர்கள் தலையாய கேள்வியை விட்டுவிட்டார்கள். இடையன் என்றால் நாய் இருக்குமே, அது எங்கே போயிற்று? நாய் இருந்த குகையில் சீஸ் பூசணம் பிடிக்கும் வரை மிஞ்சுமா? எசமானன் பின்னே நாயும் போயிற்று என்பாரும் உளர். சீஸைக் கிடத்திவிட்டுப் பிறர் காதலைத் தொடர்ந்து போன நாயை உலகம் கண்டதில்லை. ஆகவே அந்த இடையனிடம் நாயே இல்லை என்பது என் துணிபு.

இல்லாததும் நல்லதே. அப்பூசணமாகிய பெனிசிலியம் ரோக்ஃபோர்டி, ரோக்ஃபோர்டின் சி என்னும் நச்சை உண்டாக்க வல்லது. அளவாகத் தின்னும் மனிதரை அது ஒன்றும் செய்வதில்லை. நாய்க்கோ வாந்தி, கழிச்சல், மிஞ்சினால் உடல் நடுக்கம், வலிப்பு வரை போகும். பூண்டோ வெங்காயமோ கலந்த கிரீம் சீஸும் விலக்கு. அவை நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை.

இனி அளவு. 10 கிலோ நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி போதும். தின்பண்டம் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் வரம்பு. 30 கிராம் பிரீயில் சுமார் 100 கலோரி உண்டு. ஆக 18 கிராம் வருகிறது. நாய் இதை உரிமை என்று கருதும். நீங்கள் உச்சவரம்பு என்று கருதுக. நம் வீட்டில் உப்பிடாமல் திரித்த பனீரும் மென்சீஸே, அதற்கும் இப்படியே கணக்கிடுக. மாத்திரையைப் பொதிந்து கொடுக்கச் சுண்டைக்காய் அளவு போதும். (சீஸை விழுங்கிவிட்டு மாத்திரையை மட்டும் தரையில் வைக்கும் கலையில் தேர்ந்த நாய்கள் உண்டு.) டெட்ராசைக்ளின் மாத்திரையானால் சீஸே வேண்டாம், சீஸிலுள்ள கால்சியம் அந்த மருந்தை உடலில் சேரவிடாது.

தீர்ப்பு: வெறும் மென்சீஸ், துளியளவில், வயிறு ஏற்கும் நாய்க்கு ஆகும். நீலச் சீஸ் எந்த நாய்க்கும் ஆகாது. தப்பித் தவறித் தின்றுவிட்டால், நடுக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காராமல் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சீஸ் சுற்றியிருந்த தாளையும் எடுத்துச் செல்லுங்கள், நாய் அதை மிச்சம் வைத்திருந்தால்.