முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர்

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு அடித்தளமான சட்டம் 1914-இல் வந்தது. பென்சிலின் கண்டுபிடிக்க இன்னும் 14 வருஷம் இருந்த காலம். பென்சிலினுக்கே கிருமிகள் பழகிவிட்டன. கவுன்சில் தேர்தலின் வேட்புமனுவுக்கு டாக்டர்கள்தான் இன்னும் பழகவில்லை.

எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் நிற்க ஆசைப்பட்டார். பதிவு எண், பதிவேட்டில் இருக்கிறபடியே பெயர், இனிஷியல் முன்னா பின்னா என்பதுவரை சரியாக இருக்க வேண்டும். ‘தெளிவாக நிரப்பவும்’ என்ற வரியில் பேனா நின்றுவிட்டது. பாவம், முப்பது வருஷப் பழக்கம். எழுதி முடித்ததை, கீழே மருந்துக்கடைத் தம்பி வாசித்துக் காட்டித்தான் சரிபார்த்தோம்.

அப்புறம் முன்மொழிபவர், வழிமொழிபவர். நோயாளி இன்னொரு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்தாலே முகம் சுளிப்பவர் இவர். இப்போது இரண்டு டாக்டர்களின் ஒப்புதலுக்கு அலைகிறார். முதலாமவர் உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டாமவர் ஆபரேஷன் தியேட்டரில். மனு கொடுக்க மாலை ஐந்து மணிவரைதான் நேரம். தாளை மடித்துப் பிடித்தபடி வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரை நர்ஸ் எட்டிப் பார்த்துக் கேட்டார்: “டோக்கன் போட்டாச்சா, சார்?”