முந்நூறு படமும் ஒரு கிழவனும்

ஏலே பேராண்டி, அந்தக் கல்யாண ஆல்பம் இன்னுமா முடியல? படத்தைத் திறக்குத, லேயரைக் காப்பி எடுக்குத, கர்வ்ஸ் போடுத, ஓரத்துல ஸ்டுடியோ பேரை ஒட்டுத, சேவ் பண்ணுத. அடுத்த படத்துக்கும் அதே கூத்து. 300 படமாம்லா? முடிக்கும்போது பொண்ணுக்கு வளைகாப்பு ஆர்டரே வந்துரும்.

நான் நெகட்டிவ்ல பென்சில் வச்சு டச்சிங் பண்ணிக் கண்ணைக் கெடுத்துக்கிட்டவன். எனக்கென்ன தெரியும்? ஆனா ஒன் பெட்டிக்குள்ள ஆக்‌ஷன்ஸ்னு ஒண்ணு கெடக்குலே; நீ ஒரு தடவை செஞ்சதைப் பதிஞ்சு வச்சு, திரும்பத் திரும்பச் செய்யும். ஆல்ட்டையும் எஃப் 9-ஐயும் சேத்து அமுக்கு, எட்டிப் பாக்கும். போட்டோஷாப்புல லேயர் வந்தது 1994-ல. இந்த ஆக்‌ஷன் 1996-ல. ரெண்டே வருசத்துல வெள்ளைக்காரனுக்குக் கை வலிச்சிருக்கு. ஒனக்கு இன்னும் வலிக்கலையாக்கும்? நல்ல தெம்புதான்.

ரெக்கார்டை அமுக்கி, ஒரே ஒரு படத்துக்கு ஒழுங்கா வேலை பாரு. நிறுத்து. அப்புறம் ஃபைல் மெனுவுல ஆட்டோமேட், அதுக்குள்ள பேட்ச். மொத்தக் கல்யாணத்தையும் ஃபோல்டரோட தூக்கிக் குடுத்துரு. முடிஞ்ச படத்தைக் கொட்ட வேற ஃபோல்டரைக் காட்டு; அசல் மேலயே கொட்டிட்டு எங்கிட்ட வந்து மூக்கைச் சிந்தாத. அது ஓடுத நேரத்துல நீ டீக்கடைக்குப் போ. வேலை நடக்கும்போதும் அங்கதான இருக்க.

ஆனா ஒண்ணு. ஒன் மனசுல இருக்கது அதுக்குத் தெரியாது. கை செஞ்சது மட்டும்தான் தெரியும். பதியும்போது 'லேயர் 1'-ஐ மவுசால தொட்டியோ, அந்தப் பேரையே புடிச்சுக்கிடும். அடுத்த படத்துல அந்தப் பேர்ல ஆள் இல்லைன்னா, பாதியில நின்னு மொறைக்கும். நம்மூர்ல யாரும் பேரைச் சொல்லியா கூப்பிடுதோம்? முறைதான. ஆல்ட்டோட சதுர அடைப்புக்குறியைத் தட்டு. மேல உள்ளது, கீழ உள்ளதுன்னு லேயரை முறை சொல்லிக் கூப்பிடும். பேரு என்னவா இருந்தா என்ன, வந்து நிக்கும்.

ஸ்டுடியோ பேரையும் கண்ணளவுல இழுத்து வைக்காத. குறுக்குப் படத்துல மூலையில உக்காந்த பேரு, நெட்டுப் படத்துல சட்டத்தைத் தாண்டி ஓடிரும். ஓசி விளம்பரமும் போச்சா? கண்ட்ரோல் ஏ போட்டுட்டு அலைன் பண்ணு, வலது ஓரம், கீழ் ஓரம்னு. படம் எப்படி நின்னாலும் மூலையை விடாது.

மூஞ்சியை மட்டும் இதுக்கிட்ட ஒப்படைச்சிராத. போன ஆல்பத்துல வெளுப்பை எல்லாத்துக்கும் ஒண்ணா ஏவி விட்டியே! பந்தி பரிமாறுன மாரியக்கா மொதக்கொண்டு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி நின்னா. சம்பந்தியே தன் பொண்டாட்டியைத் தேடுனாரு. மூஞ்சி வார எடத்துல ஆக்‌ஷனுக்குள்ள ஒரு ஸ்டாப்பைச் செருகு. அங்கன நிக்கும். நீ கையால பருவை எடு, ப்ளே அமுக்கு, மிச்சத்தை அது பாத்துக்கிடும்.

அதுசரி, தாய்மாமன் மீசை நரையை மறைக்கச் சொன்னாரே, அதுக்குத் தனியா துட்டு பேசுனியா இல்லையா?