ரூம் காக்கா

கொழும்பு மாநகரில் தெமட்டகொடையிலிருந்து தெஹிவளை வரைக்கும் உள்ள ஏதோ ஒரு குறுக்குத் தெருவில், தண்ணீர்த் தாங்கிக்குக் கீழேயோ மாடிப்படிக்கு மேலேயோ ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, இருவர் இருப்பதாகச் சொல்லி எடுத்த அவ்வறையில் ஏழெட்டுப் பேரைக் குடியேற்றி, அத்தனை பேருக்கும் தகப்பனாகவும் கணக்குப்பிள்ளையாகவும் சம்பளமின்றிக் கடமை பார்த்துவரும் ஒரு மனிதரை, கல்முனைக்குடி, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய எங்கள் கிழக்குக் கரை ஊர்களிலிருந்து உத்தியோகத்துக்கோ படிப்புக்கோ தலைநகரம் சென்ற எவரும் அறியாதிருக்க நியாயமில்லை. அவருடைய இயற்பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. மற்றப்படி அவர், அண்ணனைக் காக்கா என்றழைக்கும் எங்கள் வழக்கப்படி, ரூம் காக்கா.

இவர் நாற்பதைத் தாண்டியவர். ஏதேனும் ஒரு திணைக்களத்தில் எழுதுவினைஞர். அறை தேடி அலையும் சகல ஜீவராசிகளுக்கும் இவர் அடைக்கலம் கொடுப்பதன் இரகசியத்தை அறிய வேண்டுமானால், முதலில் எங்கள் ஊர்களில் வீடு யாருடையது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். அக்கரைப்பற்றிலே நெடுங்காலம் தங்கி ஆராய்ச்சி நடத்திய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே பெரிய புஸ்தகமாக எழுதியிருக்கும் விஷயத்தை எங்கள் உம்மாமார் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள்: ஊடு பொம்புளப்புள்ளைக்கு. விவாகமான பின்பு ஆண்மகன் மனைவியின் வீட்டுக்குப் போகிறான். அந்த வீட்டைச் சீதனமாகக் கட்டிக் கொடுப்பது பெண்ணின் வாப்பாவும் சகோதரர்களும். மூத்த மகளுக்கு முன்வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் பின்வளவுக்கு நகர்வதும், இரண்டாமவளுக்குப் பின்வளவையும் கொடுத்துவிட்டு இன்னும் ஓர் ஓரத்துக்கு ஒதுங்குவதும் எங்கள் பக்கத்தில் தினசரி நிகழ்ச்சி. கிழக்கே கடல், மேற்கே கமநலச் சட்டம் காவல் நிற்கும் வயல், நடுவில் பேர்ச் கணக்கில் விலைபேசப்படும் ஒடுக்கமான மணல்மேடு என்று அமைந்துவிட்ட பூமியில், ஐந்து பெண்களைப் பெற்றவர் கடைசி விவாகத்தின்போது எங்கே நிற்பார் என்பது க்ஷேத்திர கணிதத்தில் தேர்ந்தவர்களும் தயங்கும் கேள்வி.

இந்தச் சட்டத்துக்கு உட்பட்டு ரூம் காக்கா, வாலிபத்தில் கட்டார் நாட்டுக்குப் போய், பெட் ஸ்பேஸ் என்ற பெயரில் கட்டிலை மாத்திரம் வாடகைக்கு விடும் அறைகளில் ஆறடி இடத்தில் படுத்தெழும்பி, இரண்டு தங்கைகளுக்கு இரண்டு வீடு கட்டி முடித்தவர். தாமோ உம்மாவின் வீட்டிலிருந்து மனைவியின் வீட்டுக்குப் போனவர். மனைவியின் வீட்டில் அவருக்கு மரியாதைக்குக் குறைவில்லை. மாமி பொரித்த மீனின் நடுத்துண்டு அவருடைய பீங்கானில்தான் விழும். ஆனால் கலண்டர் ஒன்றைத் தொங்கவிடச் சுவரில் ஆணி அடிக்க அவர் உத்தேசித்தபோது, மாமியும், மச்சினியும், மனைவியும் கூடி ஆலோசித்து, பூச்சு வெடித்துவிடும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். கலண்டர் இன்றுவரை அலுமாரிக்குள் இருக்கிறது. ஆகவே, பன்னிரண்டடிக்குப் பத்தடியான கொழும்பு அறை ஒன்றுதான், பூரா உலகத்திலும் அவர் பேரில் எழுத்து மூலம் உள்ள ஒரே வாசஸ்தலம். அங்கே அவர் ஆணி அடித்திருக்கிறார். வாடகை உடன்படிக்கை அதைத் தடுத்திருந்தும் அடித்திருக்கிறார்!

அந்த அறையை அவர் சம்பாதித்த வரலாறு சாமானியமானதன்று. ஞாயிற்றுக்கிழமை வீரகேசரியின் சிறு விளம்பரங்களை அவர் வாசித்த சிரத்தையோடு பாடப்புத்தகத்தை வாசித்திருந்தால் நிர்வாக சேவைக்கே தெரிவாகியிருப்பார் என்று சொல்பவர்கள் உண்டு. 'பெண்களுக்கு மாத்திரம்', 'சிறு குடும்பத்துக்கு மாத்திரம்', 'சமைக்காதோர் விரும்பத்தக்கது' என்ற வேலிகளையெல்லாம் தாண்டி உள்ளே போனால், ஒரு வருஷ வாடகை முற்பணம் என்ற மதில் நிற்கும். இதில் வீட்டுக்காரரை முழுவதும் பழிப்பதற்கில்லை. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம், குடியிருந்தவனை எழுப்புவது அரசமரத்தை வேரோடு பிடுங்குவது போல என்று அவர்களுடைய பாட்டன்மார் நடுங்கும்படி செய்தது. பிற்காலத்தில் பல வீடுகள் அதன் பிடியிலிருந்து விலக்கப்பட்டும் நடுக்கம் மாத்திரம் பரம்பரைச் சொத்தாக இறங்கி வந்திருக்கிறது. இடையில் நிற்கும் புரோக்கரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஒரு மாத வாடகையைக் கொமிஷனாக வாங்கிக்கொண்ட அந்தக் கணத்திலிருந்து அவருடைய கைபேசி இயங்குவதில்லை.

2019ஆம் ஆண்டுக்குப் பின் காரியம் இன்னும் கடினமாயிற்று. அவ்வருஷம் உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்கள் நடந்து ஐந்தாம் நாள், ஏப்ரல் 26ஆந் திகதி இரவு, சாய்ந்தமருதிலே குண்டுகள் வெடித்துச் சிறுவர்களும் மாண்டுபோனது ஒரு வாடகை வீட்டில். புதிதாக வந்து தங்கியவர்கள்மேல் சந்தேகங்கொண்டு முதலில் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் மக்களே. ஆயினும், அடையாள அட்டையில் அந்த ஊரின் பெயரைக் கண்ட கொழும்பு வீட்டுக்காரரின் முகத்தில், அது சொந்தச் சமூகத்தவருடைய முகமாயிருந்தாலும், ஒரு கதவு சாத்தப்படுவதைப் பல பிள்ளைகள் பார்த்தார்கள். 'எந்த ஊர்?' என்ற கேள்விக்கு முன்பு மட்டக்களப்புக்கு அங்கால் என்று நீட்டி முழக்கியவர்கள், கிராம சேவகர் சான்றிதழ், பொலிஸ் பதிவு, தொழில் வழங்குநரின் கடிதம் என்று ஒரு கோவையைச் சுமந்துகொண்டு படியேறினார்கள். அதற்கு முந்திய யுத்த வருஷங்களில் வெள்ளவத்தை லொட்ஜுகளில் தங்கிய தமிழர்கள் சுமந்த கோவை அது. 2007 ஜூனில் இராவோடிராவாக பஸ்ஸில் ஏற்றி அனுப்பப்பட்டவர்களுக்கு அந்தக் கோவையும் உதவவில்லை. நமது காக்கா இவ்விஷயத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார். அந்த மாதங்களில் மட்டும் அறையில் பாய்களின் எண்ணிக்கை கூடிற்று என்பதே அவருடைய சரித்திரக் குறிப்பு.

பாய்களின் எண்ணிக்கை வீட்டுக்கார உம்மாவுக்குத் தெரியாமலிருக்க அவர் செய்யும் பிரயத்தனங்கள் இராஜதந்திரத்தைச் சேர்ந்தவை. கீழ்மாடியில் வசிக்கும் அந்த மூதாட்டி முழங்கால் வாதத்தால் மேலே ஏறமாட்டார். ஆகையால் படியடியில் செருப்புகளை எண்ணித் தமது ஜனத்தொகை மதிப்பீட்டை நடத்துவார்.

"ரெண்டு பேருக்குத்தானே மகன் ரூம் தந்த? இங்க ஏழு சோடி ஈக்குதே!"

"எல்லாம் என்ட செருப்புத்தான் உம்மா. நான் செருப்புக்குக் கொஞ்சம் ஆசைக்காரன்."

"சைஸும் ஏழு விதமா ஈக்குது."

அன்றிலிருந்து ஒரு வெற்று அரிசிப் பை கதவோரம் தொங்குகிறது; ஒவ்வொருவரும் செருப்பைக் கழற்றிக் கையில் ஏந்தி, பூனை நடையில் படியேறி, அதற்குள் போட வேண்டும் என்பது விதி. உம்மாவும் இலேசுப்பட்டவரல்லர். செருப்பைக் கைவிட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடும் நேரத்தை எண்ணத் தொடங்கிவிட்டார். காக்கா உடனே குளிப்பதற்கு முறை வகுத்து, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னுள்ள குளியலைப் பள்ளிவாசல் ஹவுழுக்கு அருகிலுள்ள குழாய்க்கு மாற்றினார். இந்தப் போராட்டத்தில் இரு தரப்பாருக்கும் பரஸ்பர மதிப்பு உண்டு என்பதே என் அபிப்பிராயம். நோன்பு மாதத்தில் கீழிருந்து மேலே வரும் கஞ்சி வாளி, இருவர் குடிக்கக் கூடிய அளவில் ஒருபோதும் இருந்ததில்லை.

புதிதாக ஒருவன் வந்து சேரும்போது நடைபெறும் நேர்முகப் பரீட்சையைத்தான் பார்க்க வேண்டும். மட்டக்களப்போடு புகையிரதப் பாதை முடிந்துவிட்டபடியால், கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸில் முழங்காலை மடக்கியபடி வந்து விடியற்காலையில் இறங்கிய பையன், ஒரு கையில் பெட்டியும் மறு கையில் உம்மா கொடுத்தனுப்பிய தயிர்ச் சட்டியுமாக வாசலில் நிற்பான். காக்கா கட்டிலில் அமர்ந்தவாறு விசாரணையைத் தொடங்குவார்.

"இடமில்ல தம்பி. முதலே சொல்லிட்டன். எந்தப் பக்கம்?"

"சாய்ந்தமருது காக்கா."

"யாருட மகன்?"

பையன் வாப்பாவின் பெயரைச் சொல்வான். அது போதாது, உம்மாவின் குடி, மூத்தவாப்பாவின் வயல் எந்த வட்டையில், மாமா எந்தக் கடையில் என்று மூன்று தலைமுறைகள் தோண்டப்பட்டு, எங்கோ ஒரு வேரில் காக்காவின் மனைவியின் சாச்சியோடு சம்பந்தம் கண்டுபிடிக்கப்படும். எங்கள் ஊர்களில் அப்படிக் கண்டுபிடிக்க முடியாத மனிதன் இன்னும் பிறக்கவில்லை.

"கொறட்ட விடுவாயா?"

"தெரியா காக்கா."

"தெரியாதெண்டு சொல்றவனுக்குத்தான் பயப்படணும். சரி, அந்தச் சட்டிய இங்கால வை."

இவ்வாறாக இடமில்லாத அறையில் இன்னும் ஒருவனுக்கு இடம் உண்டாகிறது. சென்னை திருவல்லிக்கேணி மேன்ஷன்களிலே காலங்காலமாக அறை பகிர்ந்து வாழும் வாலிபர்களுக்கும் சகவாசம் உண்டெனினும், அங்கே பக்கத்துக் கட்டில்காரன் எந்த ஊரானாகவும் இருக்கலாம். இங்கோ, இருவர் படுத்தால் மூன்றாமவன் தலையை எந்தத் திசையில் வைப்பது என்பதுகூட உறவுமுறையைப் பொறுத்தது. மச்சான் முறையானவனின் முகத்துக்கு நேரே காலை நீட்டலாம், மாமா முறையானவருக்கு நீட்டலாகாது.

மின்சாரக் கணக்கில் மாத்திரம் உறவு செல்லாது. 2022 ஆகஸ்டில் நாட்டின் மின்கட்டணம் சராசரியாக 75 வீதத்தாலும், ஆறு மாதம் கழித்து மறுபடி 66 வீதத்தாலும் ஏறியபோது, அர்த்தசாஸ்திரிகள் பத்திரிகைகளில் விவாதித்துக்கொண்டிருக்க, காக்கா ஒரு கொப்பியை எடுத்துக் கோடு போட்டார். கைபேசி ஒன்றுக்கு ஒரு பங்கு. இரண்டு கைபேசி வைத்திருப்பவன் இரண்டு பங்கு. இஸ்திரிப் பெட்டி வாரத்தில் ஒரு நாள், அதுவும் எல்லோருடைய சட்டையும் வரிசையாக. மின்விசிறி சுழலும்போது அதன் காற்று படாத மூலையில் கிடப்பவன் விசிறிப் பங்கு கொடுக்க வேண்டியதில்லை என்று ஒரு சட்டக் கல்லூரி மாணவன் வாதாடி வென்றான். மறுநாள் இரவு காக்கா அவனுடைய பாயை விசிறிக்கு நேரே இழுத்துப் போட்டுவிட்டுப் பங்கைக் கேட்டார். அறையை வைத்து அவர் இலாபம் பார்ப்பதாக ஊரில் பேசுவோரும் இல்லாமலில்லை. அக்கொப்பியை நான் புரட்டிப் பார்த்திருக்கிறேன். வேலையில்லாதவன் பெயருக்கு நேரே 'பிறகு' என்று எழுதியிருக்கும். அந்தப் பிறகுகளைக் கூட்டினால், காக்காவின் சம்பளத்தில் கணிசமான பகுதி வரும். அவர் அடைந்த இலாபம் ஜன்னலோரக் கட்டிலும், அவருடைய ஆணியும்.

வீடில்லாக் குறைக்கு எல்லாரையும் விட அதிகமாக மனம் வருந்துபவரும் இவரே. 2004 சுனாமிக்குப் பிறகு சவூதி அரேபியாவின் நிதியில் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் எழுப்பப்பட்ட 500 வீடுகள், யாருக்குக் கொடுப்பதென்ற வழக்கில் சிக்கி, ஆளில்லாமல் பற்றைக்காடேறிக் கிடந்ததை எவரேனும் பிரஸ்தாபித்தால், அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கணக்குப் போடுவார். வீட்டுக்கு இரண்டு அறை, அறைக்கு எட்டுப் பேர் என்ற அவருடைய விகிதத்தின்படி எண்ணாயிரம் பேர்; முழு நிந்தவூரின் இளந்தாரிகளையும் அதற்குள் அடக்கிவிடலாம் என்று சொல்லிவிட்டு, ஒரு பெருமூச்சோடு பிட்டைப் பிசைவார்.

சென்ற வருஷம் காக்காவுக்குக் கல்முனைக்கு இடமாற்றம் கிடைத்தது. அவர் பலமுறை விண்ணப்பித்துப் பெற்ற அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கியதும் அவருடைய முகம் வாடியதற்கு, அலுமாரிக்குள் கிடக்கும் கலண்டரே காரணம் என்று நான் ஊகிக்கிறேன். அறைக்கு வாரிசு யார் என்ற பிரச்சினை எழுந்தது. உயர்தரம் முடித்துக் கொழும்பில் கணக்கியல் படிக்க வந்திருந்த அவருடைய மகன் அதே அறையில், அதே விசிறிக்குக் கீழே இருந்தான். அவனுக்கே போகும் என்று எல்லாரும் எண்ணினோம். காக்கா உடன்படிக்கையை மாற்றிக் கொடுத்ததோ தங்கையின் மகனுக்கு. 1876இல் பிரிட்டோ என்ற சட்ட அறிஞர் மட்டக்களப்பு முக்குவர் வழமையைப் பற்றி எழுதிய நூலைக் காக்கா கண்ணால் கண்டதில்லை. தாய்மாமன் சொத்து மருமகனுக்கு இறங்கும் அப்பழைய முறை எந்த நீதிமன்றத்திலும் இன்று செல்லாது. இருந்தும் மண்ணின் வாசனை தெமட்டகொடை மாடிவரை ஏறி வந்துவிட்டது.

மகன் மனம் பொறாமல் நேரே கேட்டேவிட்டான்.

"ஏன் வாப்பா, எனக்குத் தந்தா என்ன?"

"உனக்கென்ன மனே, உனக்கெண்டு எங்கயோ ஒரு ஊட்டுல இப்பவே செவர் எழும்பிட்டிருக்கும். அவனுக்கு நாலு தங்கச்சி. இன்னும் இருவது வருசத்துக்கு அவன் இந்த ரூமுலதான் கிடப்பான்."

மருமகன் பதவியேற்ற முதல் நாளே கொப்பியைத் திறந்து, மச்சானின் பெயருக்கு நேரே இரண்டு கைபேசிப் பங்கு என்று எழுதினான்.